பச்சைத் தண்ணீரும் ஐந்து பவுன் செம்பும்

நீச்சல் குளத்துத் தண்ணீர் பச்சையாகிவிட்டால் நம் ஆட்கள் முதலில் போவது கடைக்குத்தான். அங்கே நீல மருந்து நிரப்பிய கேன் அடுக்கி வைத்திருப்பார்கள். பாசிக்கு என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கொண்டுவந்து ஊற்றினால் பச்சை போகும், மறுபடி வரும், மறுபடி ஊற்றுவோம். இப்படியே ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் தண்ணீர் அடிவரை தெளிவாக இருக்கும், ஆனால் பச்சையாகவே இருக்கும். எவ்வளவு குளோரின் கொட்டினாலும் அசையாது. அந்தக் கட்டத்தில்தான் எனக்கு போன் வரும்.

எனக்கு ஏன் வருகிறது என்றால், ஊரில் ‘மருந்து தெரிந்த ஆள்’ என்று ஒரு பெயர். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து ரப்பர் ஸ்டோரில், பால் சோதிக்கும் அறையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். பாலில் ரப்பர் சத்து எவ்வளவு, அம்மோனியா எவ்வளவு, ஃபார்மிக் ஆசிட் எத்தனை பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றினால் பால் ஒழுங்காக உறையும் என்று பார்ப்பது வேலை. நீச்சல் குளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைப்பீர்கள். செம்பு விஷயத்தில் இருக்கிறது.

ரப்பர்காரனுக்குச் செம்பு ஆகாது. பாலில் துளி செம்பு கலந்தாலும் காற்றுப் பட்டு ரப்பர் சீக்கிரம் கெட்டு, பிசுபிசுத்து, இழுத்தால் அறுந்துவிடும். ஏற்றுமதி செய்கிற கெட்டிப் பாலுக்கு உலகத் தரம் என்று ஒன்று இருக்கிறது: அதிலுள்ள திடப்பொருளில் கிலோவுக்கு 8 மில்லிகிராம் செம்புக்கு மேல் கூடாது. அதனால்தான் பால் படுகிற இடத்தில் பித்தளை வால்வு, செம்புப் பாத்திரம் எதையும் விடமாட்டார்கள். மரத்தில் பால் பிடிக்கும் மங்கு பீங்கானில் இருக்கும், தொட்டியும் வாளியும் அலுமினியத்தில் இருக்கும். ஸ்டோருக்குள் பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தால்கூடப் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், முறைப்பார். கண்ணுக்குத் தெரியாத அளவுச் செம்பு என்னவெல்லாம் செய்யும் என்று அங்கே கற்றது, இப்போது அத்தான் வீட்டுக் குளத்துக்கு உதவியது.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ஜொகூரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனதும் ஊருக்கே திரும்பி, டவுனை விட்டுச் சற்றுத் தள்ளி, செம்பனைத் தோட்டத்து (எண்ணெய்ப் பனை) ஓரமாக வீடு கட்டினார். பேரப்பிள்ளைகள் பள்ளி விடுமுறைக்கு வரவேண்டும் என்பதற்காகவே பின்பக்கம் ஒரு நீச்சல் குளம். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.4 மீட்டர். கிட்டத்தட்ட 45,000 லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

“மாப்ளே, குளோரினும் போட்டாச்சு, பாசி மருந்தும் போட்டாச்சு. அப்படியே பச்சையா நிக்குதுலா. வந்து பாருங்க” என்றார்.

போய்ப் பார்த்தேன். ஆழமான பக்கத்தில் யாரோ போட்ட இருபது காசு கிடந்தது. மேலே நின்றபடியே அதில் பூப் பக்கமா எழுத்துப் பக்கமா என்று சொல்லலாம், அவ்வளவு தெளிவு. சுவரைத் தடவினால் வழுக்கவில்லை. ஆனால் தண்ணீர் பச்சை. படிக்கட்டு ஓடுகளுக்கு இடையிலிருந்த வெள்ளைப் பூச்சு நீலமும் பச்சையுமாக மாறியிருந்தது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. இதைப் பார்த்ததுமே பாதி விடை கிடைத்துவிட்டது.

பாசியால் வரும் பச்சை கலங்கலாக இருக்கும். அடி தெரியாது, சுவர் வழவழக்கும், பிரஷ்ஷால் தேய்த்தால் மேகம் மேகமாகக் கிளம்பும். செம்பால் வரும் பச்சை தெளிவாக இருக்கும். இரண்டும் சேர்ந்தும் வரலாம், அப்போதுதான் ஆள் குழம்புவான். சந்தேகம் இருந்தால் வெள்ளைப் பெயிண்ட் வாளி ஒன்றில் குளத்துத் தண்ணீரை எடுத்து, அதில் ஒரு மூடி திரவக் குளோரினை ஊற்றி வையுங்கள். பச்சை வெளுத்துச் சாம்பல் நிறமானால் பாசி. அப்படியே நின்றாலோ இன்னும் அழுத்தமானாலோ உலோகம். இன்னொரு வழியும் உண்டு. பொழுது சாய்ந்தபின் குளத்தில் குளோரின் எவ்வளவு என்று அளந்து எழுதிவைத்துவிட்டு, மறுநாள் வெயில் ஏறும் முன் திரும்ப அளக்க வேண்டும். ராத்திரியில் வெயில் இல்லை, குளோரினைத் தின்ன வேறு ஆள் இல்லை. 1 பி.பி.எம்.-க்கு (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) மேல் குறைந்திருந்தால் உள்ளே உயிருள்ள ஏதோ சாப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம். அத்தான் குளத்தில் குறையவே இல்லை.

பாசிப் பச்சைக்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் திடீரென்று பச்சையானதே, அதுதான். அது நடந்தது ஆகஸ்டு 9-ஆம் தேதி, பெண்கள் 10 மீட்டர் இரட்டையர் போட்டி அன்று. அந்தப் பச்சைத் தண்ணீரில் குதித்துத்தான் நம் பண்டேலேலா ரினோங்கும் ஈப்போக்காரப் பெண் சியோங் ஜுன் ஹூங்கும் வெள்ளி வாங்கினார்கள். காரணம் என்னவென்று பலரும் பலவிதமாகப் பேசினார்கள். கடைசியில் தெரிந்தது: சில நாள் முன்பு அந்தக் குளத்தில் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியிருக்கிறார்கள். அதுவும் கிருமிநாசினிதான், ஆனால் குளோரினோடு சேர்ந்தால் குளோரினை அழித்துவிடும். அளக்கும் கருவி குளோரின் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்க, உண்மையில் தண்ணீர் காவல் இல்லாமல் கிடந்தது. பாசிக்கு அது போதும். ஒலிம்பிக் குளத்துக்கே அந்தக் கதி என்றால், வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வருகிற நம் வீட்டுக் குளம் எம்மாத்திரம். (அப்படிக் கவனிக்காமல் விட்ட குளத்தில் பாசி மட்டுமா வரும், கொசுவும் முட்டையிடும். டிங்கி விஷயத்தில் சுகாதார இலாகா விளையாடாது. கொசு வளரவிட்டால் அபராதம் போட 1975-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.)

சரி, செம்பு எப்படி உள்ளே வந்தது?

அந்த நீல கேனைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் தெரிந்துவிடும். உள்ளே இருப்பது பெரும்பாலும் துரிசு, அதாவது காப்பர் சல்பேட். சற்று விலை கூடியது என்றால் செம்பை வேறொன்றோடு பிணைத்து வைத்திருப்பார்கள். தோட்டத்து ஆட்களுக்குத் துரிசு புதிதல்ல. சுண்ணாம்போடு கலந்து இலை நோய்க்கு அடிக்கும் போர்தோ கலவை அதுதான். 1880-களில் பிரான்சுத் திராட்சைத் தோட்டத்தில் ஆரம்பித்து உலகம் முழுக்கப் பரவியது. பூஞ்சைக்கும் பாசிக்கும் செம்பு நிஜமாகவே எமன். அதை மறுக்க முடியாது. மருந்து வேலை செய்யவில்லை என்று யாரும் புகார் சொல்ல முடியாததால்தான் இந்தத் தொல்லையே வருகிறது.

குளோரின் வேலை செய்தால் செலவாகிவிடும். மிச்சத்தை வெயில் எடுத்துக்கொள்ளும். செம்புக்கு அந்தப் பழக்கம் இல்லை. பாசியைக் கொன்றபின்பும் அது குளத்திலேயே இருக்கும். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், செம்பு ஆவியாகாது. நாம் குறைந்த தண்ணீரை நிரப்புவோம், பாசி வந்தால் இன்னொரு கேன் ஊற்றுவோம். இப்படிச் சேர்ந்துகொண்டே போகும். அத்தான் வீட்டில் சோதனைப் பெட்டி வாங்கி அளந்தபோது 0.9 பி.பி.எம். வந்தது. கறை பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் 0.2, அதிகபட்சம் 0.3-க்குள் வைத்திருப்பது நல்லது.

0.9 என்றால் லிட்டருக்கு 0.9 மில்லிகிராம். 45,000 லிட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள், சுமார் 40 கிராம். பவுனுக்கு 8 கிராம் என்றால் ஐந்து பவுன் எடை. அக்காவிடம் இப்படிச் சொன்னதும்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. “தங்கமா இருந்தாலும் பரவாயில்ல” என்றார். துரிசில் கால்வாசிதான் செம்பு என்பதால், இந்த 40 கிராம் வர 160 கிராம் துரிசு போதும். இரண்டு கையளவு.

குடிக்கிற தண்ணீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆகவே குளிக்கிற பிள்ளைகளுக்கு 0.9-ஆல் ஆபத்து என்று பயப்பட வேண்டாம். கறையும் நிறமும்தான் பிரச்சினை. கூடவே முடி. செம்பு முடியில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கறுப்பு முடியில் தெரியாது, நரைத்த முடியில் தெரியும். அத்தானுக்குத் தலை முழுக்க வெள்ளை, சாயம் பூசமாட்டார். வெயிலில் நின்றால் காதோரம் லேசாகப் பச்சை அடித்தது. பேரன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க, அவர் “குளோரின் அப்படித்தான் பண்ணும்” என்று சமாளித்துக்கொண்டிருந்தார். குளோரின் அப்படிப் பண்ணாது, செம்புதான் பண்ணும். எலுமிச்சைச் சாறு தேய்த்துக் குளித்தால் ஓரளவு விடும், அதிலுள்ள சிட்ரிக் அமிலம் செம்பைப் பிடித்து இழுக்கும். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை, தொப்பி போட்டுக்கொண்டார்.

செம்பு வர வேறு வழிகளும் உண்டு. ஹீட்டர் வைத்தவர்களுக்கு அதன் உள்ளே செம்புச் சுருள் இருக்கும், தண்ணீர் அமிலமாகிப் புளித்துப்போனால் அது அரிக்கும். இந்த வெயிலில் யாருக்கு ஹீட்டர் வேண்டும் என்று கேட்கலாம். கேமரன் மலையில் பங்களா வைத்திருப்பவர்கள் கவனிக்கட்டும். மின்சாரத்தால் செம்பை விடும் ‘அயனைசர்’ என்று ஒரு பெட்டி விற்கிறார்கள், குளோரின் தேவையில்லை என்று சொல்லி. அதை மாட்டினால் செம்பைக் காசு கொடுத்து வாங்கியதாகத்தான் அர்த்தம். கிணற்றுத் தண்ணீர் ஊற்றுபவர்களுக்குப் பெரும்பாலும் இரும்புதான் தொல்லை. அதுவும் குளோரின் பட்டதும் பச்சையாகவோ தேநீர் நிறத்திலோ மாறும். கறை மேல் ஒரு வைட்டமின் சி மாத்திரையை வைத்து அழுத்திப் பாருங்கள், இரும்புக் கறை என்றால் அந்த இடம் வெளுக்கும். செம்புக் கறை அவ்வளவு சுலபமாக மசியாது.

ஆனால் அத்தான் குளத்தில் பாசி ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் செம்பைப் பேசிப் பயனில்லை. காரணம் மாத்திரை. மிதவைக்குள் போட்டு மிதக்கவிடும் அந்த வெள்ளைக் குளோரின் மாத்திரையில் சயனூரிக் அமிலமும் கூடவே வருகிறது. வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் காக்கும் பொருள் அது, கொஞ்சம் இருந்தால் நல்லது. மாத்திரை 10 பி.பி.எம். குளோரின் கொடுத்தால் கூடவே 6 பி.பி.எம். சயனூரிக்கையும் விட்டுவிட்டுப் போகும். ஒரு குளம் நாளுக்கு 2.5 குளோரின் செலவழிக்கிறது என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 75, அதோடு சயனூரிக் 45. குளிர் நாட்டில் பாதி வருடம் குளத்தை மூடி வைக்கிறார்கள். நமக்குப் பன்னிரண்டு மாதமும் கோடை. சயனூரிக் ஏற ஏற அதே அளவு குளோரினுக்கு வேலை செய்யும் வேகம் குறைந்துகொண்டே போகும். அதன் அளவில் குறைந்தது 7.5 சதவீதமாவது குளோரின் இருக்க வேண்டும். சயனூரிக் 40 என்றால் குளோரின் 3 போதும். சயனூரிக் 120 என்றால் 9 வேண்டும். அத்தான் 2 வைத்திருந்தார், பக்கெட்டில் ஒட்டியிருந்த அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. பாசி வராமல் என்ன செய்யும்? வந்ததும் நீல கேன்.

மாத்திரைக்கு இன்னொரு குணம், அது நல்ல புளிப்பு. மேல்தண்ணீரை உறிஞ்சும் ஸ்கிம்மருக்குள் மாத்திரையைப் போட்டுவிட்டு பம்ப்பை நிறுத்தினால், அங்கே தேங்கும் தண்ணீர் அமிலமாகி வழியில் இருக்கும் பித்தளையை எல்லாம் அரிக்கும். சயனூரிக் மிக அதிகமாகவும் செம்பும் இருக்கிற குளத்தில் ஊதா நிறத்தில் கறை படிவதும் உண்டு, இரண்டும் சேர்ந்து உண்டாகும் உப்பு அது. அத்தான் வீட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை.

தீர்வு என்று கேட்டால், தண்ணீரை மாற்றுவதுதான். செம்பைக் கட்டிவைக்கும் மருந்து கடையில் கிடைக்கும், கறை பிடிக்காமல் அது காக்கும். ஆனால் செம்பு குளத்தை விட்டுப் போகாது. குளோரின் அந்த மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துவிடும், மாதாமாதம் திரும்ப ஊற்ற வேண்டும். தற்காலிகத்துக்குச் சரி, அதையே நம்பியிருக்க முடியாது. குளத்தைப் பராமரிக்க வருகிறவர் சோடா போட்டு பி.எச்.-ஐ (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, குறைந்தால் புளிப்பு) ஏற்றி, செம்பைத் தூளாக அடியில் படியவைத்து உறிஞ்சி வெளியே விடலாம் என்றார். முடியும்தான். ஆனால் படிகிற செம்பு அடியில் மட்டும் படியும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? சுவரிலும் படியிலும் படிந்தால் கறை இரட்டிப்பாகும். எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நான் சொன்னது இதற்கு நேர் எதிர். முதலில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கொஞ்சம் விட்டு பி.எச்.-ஐ 7.2-க்கு இறக்கினோம், செம்பு கரைந்தே இருக்கட்டும் என்று. கரைந்திருந்தால்தான் தண்ணீரோடு போகும். அப்புறம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை வெளியேற்றி, புதிது நிரப்பினோம். 0.9 என்பது 0.6 ஆகும். இன்னொரு முறை செய்தால் 0.4. மூன்றாவது முறைக்கு 0.27. சயனூரிக்கும் அதே விகிதத்தில் இறங்கும், அதற்கென்று தனியாக மருந்து வாங்க வேண்டாம்.

மொத்தத்தையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வேலை முடியுமே என்று அத்தான் கேட்டார். மழைக்காலத்தில் இந்த ஊர்ப் பள்ளத்தில் இரண்டடி தோண்டினால் தண்ணீர் வரும். காலிக் குளத்தைக் கீழிருக்கும் நிலத்தடி நீர் அப்படியே மேலே தூக்கிவிடும், தரை வெடிக்கும், பைப் உடையும். 45,000 லிட்டர் தண்ணீரின் பாரம்தான் குளத்தை மண்ணில் உட்காரவைத்திருக்கிறது.

வெளியேற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அத்தான் வீட்டுக் கால்வாய் கீழே ஒருவருடைய தலாப்பியாக் குட்டைப் பக்கமாகப் போகிறது. மனுஷனுக்கு ஒன்றும் செய்யாத செம்பு, மீனுக்கு விஷம். அதனால் குளோரினைக் குறையவிட்டு, நீளமான ஹோஸ் போட்டு, பின்பக்கப் புல்தரையில் இடம் மாற்றி மாற்றிப் பாய்ச்சினோம். மண் செம்பைப் பிடித்துக்கொள்ளும், அந்தச் சொற்ப அளவால் புல்லுக்குக் கெடுதல் இல்லை. சதுப்புக் கரிமண்ணில் நட்ட செம்பனைக்குச் செம்பு பற்றாமல் இலை மஞ்சளாகும் நோயே உண்டு. இங்கே தேவையில்லாதது அங்கே உரம்.

நிரப்புவதற்குப் பைப்புத் தண்ணீர் பாதி, மழை பாதி. குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர், 100 மில்லிமீட்டர் மழைக்கு 3,200 லிட்டர் இலவசமாக விழும். குளத்தைத் தளும்பத் தளும்ப வைத்திருந்தால் அது வழிந்து வீணாகும், கொஞ்சம் இறக்கி வைத்தால் தங்கும். மழைத் தண்ணீரில் செம்பும் இல்லை, சயனூரிக்கும் இல்லை. ஆனால் காரத்தன்மையும் இல்லை. அது குறைந்தால் பி.எச். நிலைகொள்ளாமல் ஆடும், சிமெண்டையும் அரிக்கும். அதற்குப் பேக்கிங் சோடா போதும், இந்தக் குளத்துக்கு முக்கால் கிலோ போட்டால் காரத்தன்மை 10 பி.பி.எம். ஏறும். ரொட்டிக் கடைக்காரர்கள் வாங்கும் பெரிய மூட்டையாக வாங்கினால் மலிவு.

மருந்து வைத்திருக்கும் அறையைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. மாத்திரை வாளியும் கால்சியம் குளோரின் தூள் வாளியும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டுக்கும் ஒரே கரண்டி. அந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்தால், அதுவும் ஈரத்தில் கலந்தால், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆசிட்டும் அதே தட்டில்தான். குளோரினும் ஆசிட்டும் சேர்ந்தால் வருவது விஷவாயு. அன்றைக்கே எல்லாவற்றையும் வெவ்வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்றணும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது என்பதை ஸ்டோரில் எழுதி வைத்திருந்த மாதிரியே பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். அக்கா பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டு போட்டுவிட்டார்.

நிறம் போய்விட்டது. படிக்கட்டுக் கறை மங்கியிருக்கிறது, முழுசாகப் போகவில்லை. போகாது என்றுதான் நினைக்கிறேன், ஓட்டுப்பூச்சை மாற்றினால்தான் உண்டு. மாத்திரையை விட்டுவிட்டுத் திரவக் குளோரினுக்கு மாறியாகிவிட்டது. அதில் தொந்தரவு உண்டு, தினமும் ஊற்ற வேண்டும், வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும், மொத்தமாக வாங்கிச் சேர்க்க முடியாது. ஊருக்குப் போகும் வாரத்தில் மட்டும் மாத்திரை. பாசிக்கு ஏதாவது கைவசம் இருந்தே ஆக வேண்டும் என்று அத்தான் பிடிவாதம் பிடித்தார். ‘பாலிகுவாட் 60’ என்று எழுதியிருப்பதை வாங்கச் சொன்னேன். செம்பு இல்லை, நுரையும் வராது, விலைதான் கூடுதல். திறக்காத நீல கேன் இரண்டைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, அவை இன்னும் அந்த மருந்து அறையில் கிடக்கின்றன.

இப்போது ஞாயிறு சாயங்காலம் ஆனால் அத்தானிடமிருந்து வாட்ஸ்அப் வரும்: “குளோரின் 4, பி.எச். 7.6, காப்பர் 0.3. ஓகேவா?” நான் கட்டைவிரலைத் தட்டி அனுப்பிவிடுவேன். போன வாரம் சயனூரிக் எவ்வளவு என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.